வேலியோரப் புல்

ஊரில் அவரைக் காந்தம் என்பார்கள். வழியில் ஒரு துரு ஆணி கிடந்தால்கூடக் குனிந்து எடுத்துச் சட்டைப்பையில் போடாமல் அவருக்கு அடுத்த அடி எடுத்துவைக்க வராது. கல்யாணமான நாளிலிருந்து அப்படிக் குனிந்து குனிந்து எடுத்ததெல்லாம் மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு குன்றாக நின்றது. முனை மழுங்கிய கலப்பைக் கொழு, அச்சு முறிந்த சக்கரம், சல்லடையாகப் போன தகரம், உள்ளே ஒன்றுமில்லாத மோட்டார் கூடு, சுவரே இல்லாத ஒரு இரும்புக் கேட், வண்டியே இல்லாத ஒரு டிராக்டர் சீட்டு. எதைக் கேட்டாலும் "இருக்கட்டும், ஒரு நாள் உதவும்" என்பார். உதவவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அக்கம்பக்கத்தில் யாருக்காவது ஒரு போல்ட்டு வேண்டுமென்றால் அவரிடம்தான் வருவார்கள். தேடி எடுக்க அரை நாள் ஆகும். அந்த அரை நாளும் அவர் முகத்தில் தெரிகிற சந்தோஷத்தைப் பார்த்தால் வந்தவன் போல்ட்டையே மறந்துவிடுவான்.

அவர் மனைவி அந்தக் குன்றைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பழைய முள்கம்பி வேலியைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. எல்லையில் புதிதாக வலைவேலி போட்டபோதே பழையதைக் கழற்றியிருக்க வேண்டும். "ரெண்டு வேலி இருந்தா ரெட்டைக் காவல்" என்று அதை அப்படியே விட்டுவிட்டார். புது வேலிக்கும் பழைய வேலிக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைகிற அகலத்துக்கு மண் சும்மா கிடந்தது. மாடும் போகாது, மனுஷரும் போவதில்லை. அங்கே புல் இடுப்பளவு வளர்ந்து நின்றது. துருப்பிடித்த கம்பியோ கல்லுக்கால்களிலிருந்து அறுந்து அந்தப் புல்லுக்குள் அங்கங்கே சுருண்டு கிடந்தது.

மழை விட்ட ஒரு காலையில், வேலிக்குள் மாட்டிக்கொண்ட கோழியை எடுக்கப் போனவளின் ஆடுசதையை அந்தக் கம்பி கிழித்துவிட்டது. ஊசி போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி வந்தவள் வீட்டுக்குள்கூட நுழையவில்லை.

"அந்தக் கம்பி போகணும். கொட்டகைக்குப் பின்னாடி இருக்கிற குப்பையும் போகணும். இல்லன்னா நான் என் தம்பி வீட்டுக்குப் போறேன். எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

"எதுக்கு இப்ப இவ்வளவு பெரிய பேச்சு?"

"காலைப் பாருங்க. பார்த்துட்டு அப்புறம் பேச்சு பெருசா சின்னதான்னு சொல்லுங்க."

அவர் பார்த்தார். பழைய இரும்புக்காரருக்கு ஆள் சொல்லி அனுப்பினார்.

பழைய இரும்புக்காரர் வேனோடு வந்தார். வாய் ஓயாமல் பேசுகிற மனுஷர். ஒவ்வொரு சாமானையும் தூக்கும்போது "அடேங்கப்பா, இது எந்த ராஜா காலத்துது?" என்று கேட்டுக்கொண்டே வேனில் எறிந்தார். காந்தம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மகளைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புகிறவர் மாதிரி நின்றார். உடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய ஒரு வட்டக் காந்தத்தை மட்டும் யாருக்கும் தெரியாமல் இடுப்பில் செருகிக்கொண்டார்.

வேலியைப் பார்த்ததும் இரும்புக்காரர் தலையாட்டினார். "இதை இப்படியே ஏத்த முடியாதுங்க. டயரும் போகும், என் கையும் போகும். சுருட்டிக் கொடுங்க."

"துருப்பிடிச்ச கம்பி. சுருட்டுனா ஒடியும்" என்றார் காந்தம்.

"அப்ப துண்டாக்கிச் சாக்குல போட்டு வைங்க. முழ நீளம் இருந்தாப் போதும். ரெண்டு நாள் கழிச்சு வந்து எடுத்துக்கறேன்."

"வெட்டிக் கொடுத்துடுவார்" என்று, அவர் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டு சொன்னாள்.

அது சுருக்கென்றது. அதோடு முடிந்திருந்தால் சாயங்காலத்துக்குள் மறந்திருப்பார். ஆனால் வேன் கிளம்புகிற நேரத்தில் அவள் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் போனாள். கையை உள்ளே விட்டு, முந்தின ராத்திரி அவர் ஒளித்துவைத்த டிராக்டர் சீட்டை வெளியே இழுத்தாள். புண்பட்ட காலை இழுத்துக்கொண்டு தானே அதைத் தூக்கிவந்து வேனில் எறிந்தாள்.

"இதை விட்டுட்டீங்களே அண்ணே" என்றாள்.

இரும்புக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். "சிம்மாசனத்தையே பறிச்சுட்டீங்களே அம்மா!"

காந்தம் சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அந்த நிமிஷத்திலிருந்து வீட்டில் பேச்சு நின்றது.

அந்த வீட்டில் பேச்சு நிற்பது புதிதில்லை. பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போனபிறகு இருப்பது இரண்டே பேர். இரண்டு பேருக்கும் வீம்பு மூக்குக்கு மேலே. யார் முதலில் வாயைத் திறப்பது என்பதுதான் பெரிய வழக்கு. அதற்காக வேலை எதுவும் நிற்காது. சொல்ல வேண்டியதையெல்லாம் செவலையிடம் சொல்லிவிடுவார்கள். செவலை அவர்கள் வீட்டுப் பசு. இருக்கிற மாடுகளில் மூத்தவள், சாது, அப்போது நிறைசினை. கட்டுத்தறிக்கு அந்தப் பக்கம் மனைவியும் இந்தப் பக்கம் அவரும் நின்றுகொண்டு, நடுவில் மாட்டை வைத்துக் குடித்தனம் நடத்துவார்கள்.

"செவலை, சோறு ஆறிப்போகுது. சாப்பிடறவங்க வந்து சாப்பிடலாம்னு சொல்லு."

"செவலை, பசியில்லைன்னு சொல்லிடு."

"பசியில்லாதவங்க ஏன் அடுக்களைப் பக்கம் எட்டி எட்டிப் பார்க்கறாங்கன்னு கேளு."

செவலை அசைபோட்டுக்கொண்டு, இருவரையும் மாறி மாறிப் பார்க்கும். பெரும்பாலும் ஒரு பொழுதில், மிஞ்சினால் மறுநாள் காலையில், யாராவது ஒருவர் சிரித்துவிடுவார்கள். இந்த முறை சிரிப்பு வரவில்லை. வெளியாள் முன்னால் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்துவிட்டாளே என்று அவருக்கு ஆறவே இல்லை.

அந்த ஆத்திரத்தையெல்லாம் கம்பியில் காட்டினார். வெட்டுக்குறடை எடுத்துக்கொண்டு விடியற்காலையிலேயே வேலியோரத்தில் உட்கார்ந்துவிட்டார். முழ நீளம் போதும் என்று இரும்புக்காரர் சொன்னது காதில் ஏறவில்லை. வெட்டச் சொன்னீர்கள் அல்லவா, இந்தா வெட்டுகிறேன் என்கிற மாதிரி, சாண் சாணாக, சில இடத்தில் விரல் நீளத்துக்குக்கூட வெட்டித் தள்ளினார். குறடு கடிக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு துணுக்கு 'டக்' என்று தெறித்துப் புல்லுக்குள் விழுந்தது. விழுகிற இடத்தை அவர் கண் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. எல்லாம் முடிந்தபிறகு இடுப்பில் இருக்கிற காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தால் ஒன்றுவிடாமல் வந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தார். அப்போதாவது இரும்புச் சாமானின் அருமை அவளுக்குத் தெரியட்டும் என்ற நினைப்பும் உள்ளே இருந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் வேலை பாதிக்குமேல் முடிந்திருந்தது. மேகம் இறங்கி வெளிச்சம் மங்கலாக இருந்தது. மனைவி அரிவாளோடு வந்தாள். அவரைப் பார்க்காத மாதிரி, ஆனால் அவருக்கு நாலு எட்டுத் தள்ளி, கம்பி எடுத்துவிட்ட இடத்தில் குனிந்து புல்லை அறுத்தாள். எத்தனையோ நாளாக யாரும் தொடாத புல். ஈரத்தில் கரும்பச்சையாக இருந்தது. ஒரு கட்டு சேர்ந்ததும் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

காந்தத்தின் தொண்டைவரைக்கும் வார்த்தை வந்தது. 'அங்க அறுக்காதே, இன்னும் காந்தம் போட்டு இழுக்கலை.' அவ்வளவுதான் சொல்ல வேண்டும். சொன்னால் முதலில் பேசியவர் அவராகிவிடுவார். உதறித்தானே போடுவாள், எப்போதும் உதறுவாளே என்று மனசு ஒரு சமாதானம் சொன்னது. அவள் அவரைக் கடந்து போனாள். நொண்டிக்கொண்டு, ரொம்ப மெதுவாகத்தான் போனாள். அவர் குறடைக் கையில் பிடித்தபடி அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

செவலைக்குத்தான் முதல் பங்கு போயிற்று. நிறைசினைக்காரி அல்லவா.

மூன்றாம் நாள் காலையில் செவலை தொட்டியில் வாய் வைக்கவில்லை. முதுகை வில்லாக வளைத்து, முன்னங்கால் முட்டிகளை வெளியே அகட்டி நின்றது. படுக்கப் பார்க்கும், பாதியில் முனகிக்கொண்டு நிமிர்ந்துவிடும். சரிவில் இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. மனைவி கட்டுத்தறியிலிருந்தே கத்தினாள்.

"என்னங்க! சீக்கிரம் வாங்க! செவலையைப் பாருங்க!"

முதலில் பேசியவள் அவள்தான். அது அப்போது இருவருக்குமே தோன்றவில்லை.

மாட்டு டாக்டரம்மா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினாள். வீண்பேச்சு இல்லாதவள். செவலையின் முதுகுத்தோலை இரண்டு கையாலும் பிடித்துக் கிள்ளினாள். செவலை அடிவயிற்றிலிருந்து முனகியது.

"நல்லா இருக்கிற மாடு கிள்ளினா முதுகைத் தாழ்த்தும். இது தாழ்த்த மாட்டேங்குது, பார்த்தீங்களா? உள்ளே குத்துது. இரும்பு ஏதாவது தின்னுச்சா?"

மனைவியின் கை வாய்க்குப் போனது. "கம்பி வெட்டுன இடத்துப் புல்லுங்க. நான்தான் அறுத்துப் போட்டேன். உதறித்தான் போட்டேன் டாக்டரம்மா. ஈரப்புல்லு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு..."

"மாடு மென்னு பார்த்துத் தின்னாது அம்மா. வழிச்சு முழுங்கிட்டு அப்புறம்தான் அசைபோடும். கம்பி எவ்வளவு நீளம்?"

காந்தம் சாக்கிலிருந்து ஒரு துண்டை எடுத்துவந்து காட்டினார். டாக்டரம்மா அதையும் அவரையும் பார்த்தாள்.

"இவ்வளவு சின்னதாவா வெட்டுவாங்க?"

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றாள் மனைவி. "அவர் வெட்டிக்கிட்டு இருக்கிறதைப் பார்த்துட்டேதான் நான் போய் அறுத்தேன். புத்தி எனக்குத்தான் இல்லை."

அவள் திட்டியிருந்தால்கூட அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது. சொல்லிவிட வேண்டும் என்று நாக்கைப் புரட்டினார். டாக்டரம்மா அதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"வேற சமயமா இருந்தா வயித்தைத் திறந்து எடுத்திருக்கலாம். இப்ப கன்னு மொத்த இடத்தையும் அடைச்சுக்கிட்டு இருக்கு, கை விட வழியில்லை. ஒரு காந்தம் முழுங்க வைக்கிறேன். கம்பி இன்னும் இரைப்பையைத் துளைச்சு முழுசா வெளியே போகலைன்னா அதுல ஒட்டி நின்னுடும். முன்னங்காலை மேடாக்கி நிறுத்துங்க, அப்பத்தான் கம்பி பின்னாடி சரியும். அசைய விடாதீங்க. ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். அந்த இரைப்பைக்கு முன்னாடி ஒரு கையகலத்துல இதயம். கன்னு போடும்போது முக்குற முக்குல கம்பி முன்னாடி போனாலும் போகலாம். போகாமலும் இருக்கலாம்."

கட்டைவிரல் தடிமனுக்கு வழவழவென்று ஒரு காந்தத்தைக் குழாய் வழியாகச் செவலையின் தொண்டைக்குள் தள்ளினாள். ஊசி போட்டாள். மருந்தை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று பகல் முழுக்க மேடு கட்டினார்கள். பழைய வேலியின் கல்லுக்கால்களையே பிடுங்கிவந்து அடுக்கினார் அவர். இடுக்குகளில் அவள் மண்ணைக் கொட்டி மிதித்தாள். மேலே பலகை, பலகைமேல் வைக்கோல், குளம்பு வழுக்காமல் இருக்கக் கோணிச்சாக்கு. இருவரும் இரண்டு பக்கம் நின்று, தோளைக் கொடுத்து, ஒவ்வொரு காலாகத் தூக்கிவைத்து ஏற்றினார்கள். செவலை மறுப்பே சொல்லவில்லை. ஏறி நின்று, பெரிய மூச்சு ஒன்றை விட்டது.

"வலிக்குதாடி கண்ணு?" என்று அவள் அதன் நெற்றியைத் தடவினாள். "என் கையால கொடுத்தேனே. நல்லதைத்தானே கொடுக்கறோம்னு பூரிச்சுப்போய்க் கொடுத்தேனே, பாவி."

அவர் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

அடுத்து வந்த நாட்கள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. அவள் கஞ்சியை ஆற்றி ஒரு கை ஒரு கையாக ஊட்டினாள். அவர் வாளியைத் தூக்கி வாய்க்கு நேராகப் பிடித்துத் தண்ணீர் காட்டினார். சாணியை விழுந்த கையோடு அள்ளினார்கள், ஈயை விசிறி ஓட்டினார்கள். தூறல் சாய்வாக உள்ளே அடித்தபோது படுதாவை ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக் கட்டினார்கள். பேச்சு வந்துவிட்டது, ஆனால் எல்லாம் மாட்டைப் பற்றிய பேச்சுதான். "தண்ணி குடிச்சுதா?" "ரெண்டு வாய் குடிச்சுது." "காது சில்லுனு இருக்கே." "நேத்துக்கு இன்னிக்குப் பரவாயில்லை." அவர் உண்மையைச் சொல்ல வாயெடுக்கிற நேரமெல்லாம் செவலை ஒரு கவளம் அதிகமாகத் தின்றுவிடும். அவள் முகம் மலர்ந்துவிடும். மாடு பிழைத்துக்கொள்ளட்டும், அப்புறம் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று விழுங்கிவிடுவார்.

மைத்துனன் பார்க்க வந்தான். நின்று, சுற்றிப் பார்த்து, உச்சுக்கொட்டினான்.

"ஏன்க்கா, கம்பி கிடக்கிற இடத்துலயா புல்லு அறுப்பே? சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே. மாமா, நீங்களாவது பார்த்திருக்கக் கூடாதா?"

"அவர் வேலையில இருந்தார்டா. எல்லாரும் முதுகுலயும் கண்ணு வெச்சுக்கிட்டா இருப்பாங்க?" என்றாள் அவள்.

"அதுவும் சரிதான்" என்றான் மைத்துனன். "டீ குடிக்கிறீங்களா மாப்ள?" என்று கேட்டுவிட்டு எழுந்து அடுக்களைக்குப் போனார் காந்தம். அங்கே அடுப்பைப் பற்றவைக்காமல், பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அவர் முதுகில் கண் இல்லைதான். முகத்தில் இருந்த இரண்டு கண்ணும் நன்றாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தன.

செவலை தேறிவந்தது. முனகல் குறைந்தது, அசைபோட ஆரம்பித்தது. டாக்டரம்மாவே வந்து பார்த்து, "உங்க மாடு கெட்டிக்காரி" என்றாள். அன்று மனைவி அவருக்குத் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு, எதிரில் உட்கார்ந்து தானும் சாப்பிட்டாள். பல நாள் கழித்து அவள் வயிறாரச் சாப்பிட்டதைப் பார்த்த சந்தோஷத்தில் அவர் அன்றும் சொல்லவில்லை.

ஒரு மத்தியானம் செவலைக்குப் பிரசவ வலி எடுத்தது. மேட்டிலிருந்து இறக்கி, வைக்கோல் பரப்பிப் படுக்கவைத்தார்கள். ரொம்பவும் முக்கவிடக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தாள். குளம்பு தெரிந்ததுமே அவர் கயிற்றைச் சுற்றி, செவலை முக்குவதற்கு முன்பே தன் பலத்தையெல்லாம் போட்டு இழுத்தார். அவள் செவலையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "நீ சும்மா இருடி, அவர் இழுத்துடுவார், நீ முக்காதே" என்று கெஞ்சினாள். அதெல்லாம் மாட்டுக்குத் தெரியுமா? பெறுகிறவள் முக்கத்தானே செய்வாள். கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. கிடாரி. செவலை எழுந்து நின்றது. கன்றைத் தலையிலிருந்து வால்வரை நக்கிச் சுத்தம் செய்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள்.

மறுநாளே செவலையின் கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்தது. நெஞ்சுத்தோல் வீங்கித் தொங்கியது. டாக்டரம்மா காதில் குழாயை மாட்டி நெஞ்சில் வைத்துக் கேட்டாள். குழாயைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தாள். "இனிமே என்கிட்ட மருந்து இல்லை அம்மா" என்றாள். அதற்கடுத்த நாள் முற்பகல் நல்ல வெயிலில், கன்று மடியை முட்டிக்கொண்டிருக்கும்போதே, செவலை முன்னங்காலை மடித்து உட்கார்ந்தது. பிறகு எழுந்திருக்கவில்லை.

குழி தோண்ட மண் அள்ளுகிற இயந்திரத்தைக் கூப்பிட்டார்கள். மூடி மண்ணைத் தட்டியபிறகு, காந்தம் வீட்டுக்குள் போய் ஒலிபெருக்கிக் காந்தத்தை எடுத்துவந்தார். கயிற்றில் கட்டினார். வேலியோரத்தில் மண்டிபோட்டு, அடிமேல் அடியாக அதை இழுக்க ஆரம்பித்தார். துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வந்தன. பிய்த்துத் தகர டப்பாவில் போட்டார், மறுபடி இழுத்தார். மறுநாளும் இழுத்தார். அதற்கு மறுநாளும் இழுத்தார். முதுகு பிடித்துக்கொண்டது, முட்டி சிராய்ந்தது, அவர் நிறுத்தவில்லை.

அவள் கன்றுக்குப் புட்டியில் பால் கொடுத்துவிட்டு, புட்டியைக் கையில் பிடித்தபடியே வந்து பக்கத்தில் நின்றாள்.

"போதும், எழுந்திரிங்க. இனி இங்க ஒண்ணும் இருக்காது."

"இருக்கும்."

"இருந்தாலும் நான் இங்க அறுக்க மாட்டேன். இந்த ஜென்மத்துல அறுக்க மாட்டேன். போதுமா?"

அவர் நிமிரவில்லை. கயிற்றைக் கீழே போட்டார்.

"நான் பார்த்தேன்" என்றார்.

"என்னத்தை?"

"அன்னைக்கு நீ அறுத்ததை. புல்லுக்குள்ள துண்டு கிடக்குதுன்னு எனக்குத் தெரியும். எங்கெங்க விழுந்துச்சுன்னுகூடத் தெரியும். நீ கட்டைத் தூக்கிட்டு என்னைத் தாண்டிப் போறதையும் பார்த்தேன். சொல்லணும்னு வாய்வரைக்கும் வந்துச்சு. நான் முதல்ல பேசுறதாவதுன்னு..." தகர டப்பாவை ஓரமாகத் தள்ளினார். "உன் மேல ஒரு தப்பும் இல்லை. நீ இத்தனை நாளா உன்னையே திட்டிக்கிட்டு இருந்தே. நான் அதையும் பார்த்துக்கிட்டுச் சும்மா இருந்தேன்."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தார். புட்டியை எறிந்தாலும் எறியட்டும், தம்பி வீட்டுக்குப் போனாலும் போகட்டும் என்று தலையைக் குனிந்தபடியே இருந்தார். அவள் அவருக்குப் பக்கத்தில் அந்தத் தரையிலேயே உட்கார்ந்தாள். புட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, செவலையிடம் பேசுகிற அதே குரலில், ஆனால் நேராக அவரைப் பார்த்துப் பேசினாள்.

"நீங்க பார்க்கறீங்கன்னு எனக்கும் தெரியும். நீங்க அங்க உட்கார்ந்திருந்தீங்கன்னுதான் நான் அரிவாளைத் தூக்கிட்டு வந்ததே. எதையாவது சொல்லித் திட்டவாவது மாட்டீங்களான்னு இருந்துச்சு. அதான் அவ்வளவு மெதுவாப் போனேன்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "மாட்டுக்கு அன்னைக்குப் புல்லே வேணாங்க. தொட்டி நிறையத் தீனி இருந்துச்சு."